சூடு எங்கே போகும்?

பழைய டீசல் என்ஜினைப் படகில் ஏற்றும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று கடலுக்கு விடுமுறை. கரைக்குத்தான் விடுமுறை கிடையாது. பலகை மாற்றுவது, இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, வலை பொத்துவது என்று வருடத்து வேலையெல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும்.

பல வீடுகளில் ஒரு பெரிய முடிவும் இந்த நாட்களில்தான் எடுக்கப்படும். இருக்கிற என்ஜினைப் பிரித்து ரிப்பேர் பார்ப்பதா, புதிது வாங்குவதா, இல்லை ஒரு பழைய என்ஜினைப் பிடித்து உட்கார வைப்பதா? புது மரைன் என்ஜினின் விலையைக் கேட்டதும் பலரும் மூன்றாவது வழிக்கு வந்துவிடுவார்கள். அதற்கும் கையில் பணம் இருக்காது. கொஞ்சம் வட்டிக்கு, கொஞ்சம் மீன் ஏலக்காரரிடம் முன்பணம், மிச்சத்துக்கு வீட்டம்மாவின் நகை.

அப்படித் திரட்டிய பணத்தோடு போகிறவர் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை ஹெச்.பி.?” இரண்டாவது “என்ன விலை?” இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால், இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த என்ஜின் கக்கப்போகும் சூடு படகுக்குள் எந்த வழியாக வெளியே போகும்?

வெளியே தொங்குவதும் உள்ளே உட்காருவதும்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. அங்கிருந்து தெற்கே காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு, பெரியதாழை என்று போய், கூடுதாழை, உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி வரை மீனவர் ஊர்கள் அடுத்தடுத்து வரும். 1986 வரை இவை எல்லாமே ஒரே திருநெல்வேலி மாவட்டம்.

இந்தக் கரையில் இரண்டு விதமாக என்ஜின் மாட்டுகிறார்கள். ஃபைபர் படகுகளில் அவுட்போர்டு மோட்டார் படகின் பின்பக்கம் வெளியே தொங்கும். அது கடல் தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொண்டு, சூட்டையும் புகையையும் நேராகக் கடலிலேயே விட்டுவிடும். படகுக்காரர் அதைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை.

பெரிய வள்ளத்திலும் விசைப்படகிலும் கதை வேறு. அங்கே என்ஜின் படகின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் மரமோ ஃபைபரோ. பக்கத்தில் டீசல் டேங்க். மேலே ஆட்கள் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கும் கேபின். சூடு, புகை, அதிர்வு மூன்றுக்கும் ஆளே வழி செய்து கொடுக்க வேண்டும்.

முப்பது கீசர் எரிகிற அறை

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. அதில் புரொப்பல்லரைச் சுழற்றப் போவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கும் சூடு. பாதி புகைக்குழாய் வழியாகவும், பாதி குளிர்விக்கும் தண்ணீர் வழியாகவும், என்ஜினின் உடம்பிலிருந்து நேரடியாகவும் வெளியேறும்.

ஒரு படகு மணிக்கு 10 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 யூனிட் சக்தி. அதில் 35 யூனிட் ஷாஃப்டுக்குப் போனால் சுமார் 47 குதிரைத்திறன் கிடைக்கும். மிச்சம் 65 யூனிட் சூடு. நம் வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2,000 வாட் கீசர் 32-ஐ ஒரு சின்ன அறைக்குள் வைத்து இடைவிடாமல் ஓடவிட்டால் எவ்வளவு சூடோ, அவ்வளவு. ஆக, என்ஜின் வாங்குகிறவர் ஒரு பெரிய அடுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

லாரியில் காற்று, கடலில் தண்ணீர்

பழைய என்ஜின் என்று வருவதில் கணிசமானவை லாரியில் ஓடியவை. “வண்டி ஆக்சிடென்ட்ல போயிட்டு அண்ணாச்சி, என்ஜின்ல ஒரு கொறையும் இல்ல” என்பார் விற்கிறவர். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் லாரியில் நன்றாக ஓடிய என்ஜின் கடலிலும் அப்படியே ஓடும் என்று சொல்ல முடியாது.

லாரி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரில் அடித்துக்கொண்டே இருக்கும். ஏற்றத்தில் திணறினாலும் அடுத்த இறக்கத்தில் என்ஜின் மூச்சு வாங்கிக்கொள்ளும். படகுக்கு இறக்கமே இல்லை. வலை இழுக்கும் படகு, மணிக்கணக்கில் மேடு ஏறிக்கொண்டே இருக்கும் லாரி மாதிரி. எதிர்க்காற்றும் கிடையாது.

அதனால் ரேடியேட்டர் இருந்த இடத்தில் கடல் தண்ணீரைக் கொண்டுவருகிறார்கள். செலவு குறைந்த வழி, கடல் தண்ணீரையே என்ஜினுக்குள் நேராக ஓட விடுவது. இதில் ஒரு சிக்கல். உப்புத் தண்ணீர் சுமார் 55 டிகிரியைத் தாண்டினால் சுண்ணாம்பும் உப்பும் படிய ஆரம்பிக்கும். வீட்டில் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் போல, என்ஜினின் உள்வழிகளில் படியும். வழி சுருங்கினால் சூடு ஏறும். சூடு ஏறினால் இன்னும் படியும். அதோடு துருவும் சேர்ந்துகொள்ளும். என்ஜினோ 80 டிகிரி அளவில் ஓடினால்தான் டீசலை ஒழுங்காக எரிக்கும்.

இதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, ஹீட் எக்ஸ்சேஞ்சர். என்ஜினுக்குள் நல்ல தண்ணீரும் கூலன்ட்டும் சுற்றிச் சுற்றி வரும். கடல் தண்ணீர் தனிக்குழாய்களில் ஓடி அந்தச் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகும். இரண்டு தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காது. இன்னொன்று, என்ஜினின் நல்ல தண்ணீரையே படகின் அடிப்புறம் கடலில் மூழ்கியிருக்கும் குழாய் வழியாகச் சுற்றவிடுவது. அதற்குக் கடல் தண்ணீர் பம்ப்பே தேவையில்லை; ஆனால், அடியில் சிப்பி ஒட்டாமல் அவ்வப்போது சுரண்டி வைக்க வேண்டும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரை பழையதாக வாங்கினால், உள்ளே இருக்கும் துத்தநாகக் கட்டியைப் பார்க்காமல் மாட்டக் கூடாது. உப்புத் தண்ணீர் முதலில் அந்தக் கட்டியைத் தின்னும். அது தீர்ந்துவிட்டால் குழாயைத் தின்ன ஆரம்பிக்கும். சின்னப் பொருள்தான். மாற்ற மறந்தால் பெரிய செலவு.

தண்ணீர் உள்ளே வரும் வாயில் வலைவடிகட்டி கட்டாயம். துறைமுகத்தில் மிதக்கும் பிளாஸ்டிக் பை ஒன்று போதும், அந்த வாயை அடைக்க. மழைக்காலத்தில் தாமிரபரணி கொண்டுவந்து தள்ளும் சேறும் அமலைச் செடியும் முகத்துவாரம் பக்கம் ஓடும் படகுகளுக்கு இன்னொரு தலைவலி. தண்ணீர் வராமல் பம்ப் சும்மா சுற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் ஓரிரு நிமிடத்தில் பிய்ந்துவிடும். அதனால்தான் என்ஜினைக் கிளப்பியதும் அனுபவஸ்தர்கள் முதலில் கடல் தண்ணீர் வெளியே கொட்டுகிறதா என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

புகைக்கும் ஒரு வழி

முழு வேகத்தில் ஓடும் டீசல் என்ஜினின் புகை 400 டிகிரியைத் தாண்டும். டீசல் நெருப்பில்லாமலே தானாகப் பற்றிக்கொள்ள சுமார் 250 டிகிரி போதும். நாசிலுக்குப் போகும் குழாயில் ஒரு சின்ன விரிசல் விழுந்து, டீசல் பூச்சியாகத் தெளித்து, புகைக்குழாயின் மேல் பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பெரிய கப்பல்களுக்கான சர்வதேச பாதுகாப்பு விதி, 220 டிகிரிக்கு மேல் சூடாகக்கூடிய எந்தப் பரப்பையும் மூடிக் காப்பிட வேண்டும் என்கிறது. இந்தக் கரையிலிருந்து மாலுமி வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். சொந்த ஊர்ப் படகுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

புகைக்குழாய் மரத்தையோ ஃபைபரையோ துளைத்துப் போகும் இடத்தில் இடைவெளி விட்டு, சூடு தாங்கும் நாடா சுற்ற வேண்டும். பழைய என்ஜினோடு வரும் குழாயில் ஏற்கெனவே கயிறு சுற்றியிருந்தால் கவனம். அந்தக் காலத்துக் கல்நார் கயிறாக அது இருக்கலாம். காய்ந்த கல்நாரைப் பிய்த்தால் பறக்கும் தூசி நுரையீரலுக்கு விஷம். நனைத்து, முகத்தை மூடிக்கொண்டுதான் எடுக்க வேண்டும். சிறு பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

இதே பிரச்னையைக் குளிர்நாடுகளில் வேறு உருவில் பார்க்கலாம். அங்கே சிறு படகுகளில் டீசல் ஹீட்டர் வைத்துக்கொள்கிறார்கள். லாரி டிரைவர் தூங்கும் கேபினைக் கதகதப்பாக வைப்பதற்காக வெபாஸ்டோ, எபர்ஸ்பேஷர் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் செய்யும் சின்னக் கருவி அது. லாரியிலிருந்து கழற்றிய பழைய ஹீட்டரை வாங்கிப் படகில் மாட்டுகிறவர்கள் அங்கே நிறைய. லாரியில் அதன் புகைக்குழாய் வண்டிக்கு அடியில் திறந்த வெளியில் முடிந்துவிடும். படகில் அது பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே போயாக வேண்டும். ஒரு இணைப்பு தளர்ந்தால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் நிறையும். நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவருக்கு விழிப்பு வராது. இங்கிலாந்தில் 2019 ஏப்ரல் முதல், தங்கும் அறை உள்ள படகுகளில் இந்த வாயுவைக் கண்டுபிடித்து அலறும் அலாரம் கட்டாயம் என்று படகுப் பாதுகாப்புத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

நம் விசைப்படகில் ஹீட்டர் இல்லை. ஆனால் என்ஜினுக்கு மேலே கேபின் இருக்கிறது. தங்கல் போகும் நாட்களில் ஆட்கள் அதற்குள் தூங்குகிறார்கள். மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, என்ஜினும் ஓடிக்கொண்டிருந்தால், கசியும் புகைக்குழாய் அங்கேயும் அதே வேலையைச் செய்யும். காலையில் எழுந்ததும் எல்லோருக்கும் ஒரே மாதிரி தலைவலி, குமட்டல் என்றால் அதைக் கடல் மயக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. உடனே காற்றோட்டமான இடத்துக்கு வந்து, குழாயைச் சோதிக்க வேண்டும்.

கடலுக்கே போகாதவர்களுக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை முழுக்கத் தத்தளித்தது நினைவிருக்கும். அப்படி மின்சாரம் இல்லாத நாட்களில் ஜெனரேட்டர் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஓட்டும்போது, மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று வீட்டுக்குள்ளோ மாடிப்படிக்கு அடியிலோ வைக்கவே கூடாது. ஜன்னல் திறந்திருந்தாலும் போதாது. திறந்த வெளியில், ஜன்னல்களுக்குத் தள்ளி வைக்க வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

என்ஜினைப் பார்க்கப் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். “நீங்க வாறதுக்குள்ள ஓட்டிப் பாத்து வச்சிருக்கேன்” என்று சொன்னால், கை வைத்துப் பார்த்துவிட்டு, ஆறும் வரை காத்திருக்கலாம். சூடான என்ஜின் எதுவும் எளிதில் கிளம்பும். குளிர்ந்த என்ஜின் கிளம்பும் விதத்தில்தான் அதன் உண்மையான வயது தெரியும்.

கிளம்பிய பிறகு புகையின் நிறத்தைப் பாருங்கள். நீலம் கலந்திருந்தால் என்ஜின் ஆயிலைத் தின்கிறது. ரிங், லைனர் தேய்ந்திருக்கலாம். வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால், எரியாத டீசல், அல்லது ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர். கறுப்புப் புகை காற்றுக் குறைவு, நாசில் கோளாறு, அல்லது தாங்க முடியாத பாரம்.

ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வரலாம். குக்கர் விசில் மாதிரி ‘புஸ் புஸ்’ என்று அடித்தால் ரிங் தேய்ந்துவிட்டது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; பேரம் பேசாமல் திரும்பிவிடலாம்.

காகிதமும் முக்கியம். என்ஜின் நம்பர் பில்லில் இருப்பதும் இரும்பில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். என்ஜின் மாற்றியதை மீன்வளத்துறைப் பதிவில் சேர்க்க வேண்டும். 2020-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகளில் என்ஜினின் திறனுக்கு 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு இருக்கிறது. ‘சீப்பா கிடைக்குது’ என்று அதற்கு மேலே போனால் பணமும் போய், படகும் சிக்கும்.

பொருத்தும்போது

என்ஜின் உட்காரும் மரக்கட்டையும் இரும்புச் சட்டமும் உறுதியாக இருக்க வேண்டும் என்பதை ஓடாவியும் மெக்கானிக்கும் பார்த்துக்கொள்வார்கள். அவசரத்தில் விட்டுப்போவது ஷாஃப்டின் நேர்.

மரப்படகு கரையில் இருக்கும்போது ஒரு வடிவம், தண்ணீரில் மிதக்கும்போது ஒரு வடிவம். கரையில் கச்சிதமாகச் சேர்த்த கப்ளிங், இறக்கிய பிறகு விலகியிருக்கும். அதனால் படகைத் தண்ணீரில் இறக்கி, ஓரிரு நாள் மரம் ஊறிய பிறகு, மறுபடி ஃபீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கப்ளிங்கில் மேல், கீழ், இடது, வலது நான்கு பக்கமும் இடைவெளி வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஏறக்குறைய ஒரு தாள் கனம். இதை விட்டால் கியர் பாக்ஸ் அதிரும், பேரிங் சூடாகும், போல்ட் தளரும்.

ஷாஃப்ட் வெளியே போகும் துளையில் வைக்கும் கிளாண்ட் பேக்கிங்கிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீரும் வரக் கூடாது என்று இறுக்கிவிடுவார்கள். கயிறு வகைப் பேக்கிங்குக்கு ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வர வேண்டும். அந்தச் சொட்டுதான் அதைக் குளிர வைக்கிறது. முழுக்க இறுக்கினால் பேக்கிங் கருகி, ஷாஃப்டில் பள்ளம் விழும்.

அடுத்து புரொப்பல்லர். பழைய படகின் புரொப்பல்லர் புதிதாக வந்த என்ஜினுக்குப் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. என்ஜின் தன் முழு சுழற்சியை எட்ட முடியாமல் கறுப்புப் புகை விட்டால் புரொப்பல்லர் பெரிது. அப்படியே ஓட்டினால் டீசலும் போகும், பிஸ்டனும் போகும்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. புரொப்பல்லரின் சுழற்சியை 10 சதவிகிதம் குறைத்தால், அதற்குத் தேவைப்படும் சக்தி சுமார் 27 சதவிகிதம் குறைந்துவிடும். படகின் வேகம் அவ்வளவு குறையாது. மீன் ஏலத்துக்குக் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி, நிதானமாக ஓட்டினால் டீசலும் மிச்சம், சூடும் குறைவு, பழைய என்ஜினுக்கு ஆயுளும் கூடும். டர்போ உள்ள என்ஜினை நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் அதன் சூடு ஆறும். குளிர்நாட்டு ஹீட்டருக்கும் இதே விதிதான். நிறுத்தச் சொன்ன பிறகும் அதன் விசிறி சில நிமிடம் ஓடிச் சூட்டைத் தணித்துவிட்டுத்தான் அடங்கும்.

நடுக்கடலில் நின்றால்

நெடுஞ்சாலையில் லாரி நின்றால் ஓரம் கட்டிவிட்டு டீக்கடையில் உட்காரலாம். கடலில் நின்ற படகை நீரோட்டமும் காற்றும் எடுத்துக்கொண்டு போகும். மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை 1976 ஒப்பந்தத்தில் வரையப்பட்டது. அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது. என்ஜின் நின்ற படகுக்கு அதைத் தாண்டாமல் இருக்கும் சக்தியும் கிடையாது. போனில் சிக்னல் இல்லாத அந்த நேரத்தில் கரையில் காத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒவ்வொரு மணியும் ஒரு நாள்.

அதனால், மாற்று இம்பெல்லர், ஃபேன் பெல்ட், இரண்டு டீசல் ஃபில்டர், ஹோஸ் துண்டு, கிளிப், கூலன்ட், ஒரு தீயணைப்பான் ஆகியவை படகில் இல்லாமல் கயிறு அவிழ்க்கக் கூடாது. வயர்லெஸ் வேலை செய்கிறதா என்று கரையிலேயே பேசிப் பார்த்துவிட வேண்டும். இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர உதவி எண் 1554. படகில் போகிறவர்களுக்கு மட்டும் அல்லாமல், வீட்டில் இருப்பவர்களின் போனிலும் அது இருக்கட்டும்.

தடைக்காலம் முடியும் இரவில் எல்லோருக்கும் அவசரம். முதல் பாடு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசை. புதிதாக ஏற்றிய பழைய என்ஜினை அன்றைக்கே ஆழ்கடலுக்குக் கொண்டுபோகாமல், நான்கைந்து நாள் முன்னதாகத் துறைமுகத்தை ஒட்டியே சில மணி நேரம் பாரத்தோடு ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. தண்ணீர் சூடு, ஆயில் பிரஷர் இரண்டையும் அரை மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுத வேண்டும். ஓடி முடிந்ததும் பவுண்டேஷன் போல்ட், கப்ளிங் போல்ட், புகைக்குழாய் இணைப்பு எல்லாவற்றையும் மறுபடி முடுக்க வேண்டும். கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் நின்று, புகை வாடை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வாடை வந்தால் கசிவு நிச்சயம். வராவிட்டாலும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் அங்கே தொங்கட்டும். நகையை அடகு வைத்து வாங்கிய என்ஜினுக்கு அது பெரிய செலவாக இருக்காது.